நிக் டிரேக்: ‘பிங்க் மூன்’ டியூனிங் எப்படி?

கேள்வி: இங்கிலாந்துப் பாடகர் நிக் டிரேக்கோட ‘பிங்க் மூன்’ பாட்டை கிடார்ல சாதாரண டியூனிங்ல (கம்பிகளோட வழக்கமான ஸ்ருதி அமைப்புல) வாசிச்சா அந்த ஏக்கம் வரவே மாட்டேங்குது. என்ன டியூனிங்?

பதில்: தடிச்ச கம்பியிலிருந்து சி-ஜி-சி-எஃப்-சி-ஈ. ஆறாவதை 4 அரைச்சுரம் இறக்குங்க. 5, 4, 3 மூணையும் ரெண்டு ரெண்டு. ரெண்டாவது மட்டும் ஒரு அரைச்சுரம் ஏறணும். பழைய கம்பின்னா அறுந்துடும், மெதுவா! முதல் கம்பி அப்படியே. கேப்போவை (எல்லாக் கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிற கிளிப்) ரெண்டாம் ஃப்ரெட்ல, அதாவது கிடார் கழுத்துல ரெண்டாவது கட்டத்துல மாட்டுங்க.

பதில்: கேப்போ மாட்டினதும் மறுபடி ஸ்ருதி பாருங்க. தளர்ந்த ஆறாவது கம்பிதான் முதல்ல ஏறிப்போகும். அது கரகரத்தா இன்னும் தடிமனான கம்பி போடுங்க.

பதில்: டியூனிங் பாதிதான் நண்பா. மீதி அவரோட கட்டைவிரல், அதோட தாளம் தவறவே தவறாது. 1971 அக்டோபர்ல ரெண்டே இரவுல பதிவான ஆல்பம், அதோட பேரும் ‘பிங்க் மூன்’தான். குரலும் கிடாரும்தான், இந்தப் பாட்டுல மட்டும் கொஞ்சம் பியானோ. அவரோட இன்னொரு பாட்டு ‘ரிவர் மேன்’ சாதாரண டியூனிங், ஆனா தாளம் அஞ்சு எண்ணிக்கை. அங்கதான் எல்லாரும் தடுமாறுறாங்க.