பாடக்குறிப்பின் கட்டங்களுக்குள் படைப்பாற்றலுக்கு இடம் எங்கே?

கேள்வி: நடுநிலைப் பள்ளி ஆசிரியை, திருச்சி மாவட்டம்

ஆசிரியர் பெருமக்களுக்கு வணக்கம். ஏழாம் வகுப்புக்குக் கணிதம் கற்பிக்கிறேன். வாரந்தோறும் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையொப்பம் பெறுகிறேன். கற்றல் விளைவு, அறிமுகம், துணைக்கருவி, செயல்பாடு, மதிப்பீடு, தொடர்பணி என்று எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிடுகின்றன. ஆயினும் வகுப்பில் நடப்பது கரும்பலகையில் ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கும் அதைத் தொடரும் பயிற்சிக் கணக்குகளும்தான். முதல் பருவத்தில் வரும் ‘நேர் மற்றும் எதிர் விகிதங்கள்’ பாடத்துக்காகச் சென்ற சனி, ஞாயிறு இரண்டு நாளும் உட்கார்ந்து தெர்மாகோலில் ஒரு மாதிரி செய்தேன். பிள்ளைகள் அழகாக இருக்கிறது என்றார்கள். மறுநாளே எதிர் விகிதக் கணக்கை நேர் விகிதமாகப் போட்டு வைத்தார்கள். பாடத்தைத் திட்டமிடும்போதே படைப்பாற்றலைக் கொண்டுவர நீங்கள் என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி 1: கணித ஆசிரியர், உயர்நிலைப் பள்ளி

வணக்கம் அம்மா. தெர்மாகோல் மாதிரியில் சிந்தித்தவர் நீங்கள், பிள்ளைகள் பார்வையாளர்கள். நான் பாடக்குறிப்பு எழுத உட்காரும்போது, என்ன செய்து காட்டலாம் என்பதை விட்டுவிட்டு, சூத்திரம் சொல்வதற்கு முன் எதை ஊகிக்கச் சொல்லலாம் என்று யோசிக்கிறேன்.

எதிர் விகிதத்துக்கு எட்டுப் பேர் ஆறு நாளில் முடிக்கும் வேலை என்றுதான் எல்லோரும் தொடங்குவோம். நான் வேறு விதமாகக் கேட்டேன்: “வாசலில் ஒருவர் ஒரு கோலத்தை ஐந்து நிமிடத்தில் போட்டால், ஐந்து பேர் சேர்ந்து அதை ஒரு நிமிடத்தில் போட்டுவிடுவார்களா?” வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. ஒருவர் இழுத்த கோட்டை மற்றவர் மிதித்துவிடுவார் என்றாள் ஒரு மாணவி. புள்ளி வைப்பதைப் பிரித்துக்கொள்ளலாம், கம்பி இழுப்பதைப் பிரிக்க முடியாது என்றாள் இன்னொருத்தி. ஆட்கள் கூடினால் நாள் குறையும் என்ற விதி, ஒருவர் வேலை மற்றவர் வேலைக்குக் குறுக்கே வராது என்ற நிபந்தனையின் மேல் நிற்கிறது என்பதை அவர்களே கண்டுபிடித்த பிறகுதான் சுண்ணக்கட்டியை எடுத்தேன். செலவு என்று எதுவும் இல்லை. பாடக்குறிப்பில் அது ஒரே ஒரு வரி.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற ஆசிரியர்

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. 2007-ஐ ஒட்டித் தொடக்க வகுப்புகளுக்குச் செயல்வழிக் கற்றல் அட்டைகள் தமிழகம் முழுவதும் வந்தபோதும், அதையடுத்து ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்குப் ‘படைப்பாற்றல் கல்வி’ வந்தபோதும் நான் பணியில் இருந்தேன். அதில் வந்த மனவரைபடம், அதாவது நடுவில் தலைப்பும் சுற்றிலும் கிளைகளாகக் கருத்துகளும் எழுதி வரைதல், உண்மையிலேயே நல்ல உத்தி. ஆனால் எந்தப் பாடமானாலும் அதே வரிசையில் படி, அடிக்கோடிடு, வரைபடம் போடு, தொகு, எழுது என்றானபோது, எங்கள் பிள்ளைகள் பாடத்தைப் படிக்கும் முன்பே நடுவில் ஒரு வட்டமும் சுற்றி ஆறு கோடுகளும் போட்டுவைத்துக் காத்திருந்தார்கள். படைப்பாற்றலுக்கும் ஒரு படிவம் வந்துவிட்டால் அதுவும் இன்னொரு கட்டமாகிவிடும், அவ்வளவுதான். எனவே வாரத்தின் எல்லாப் பாடவேளைகளையும் புதுமையாக்க முயலாதீர்கள். ஒன்றோ இரண்டோ போதும். மெதுவாகக் கற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சிக் கணக்குகளும் வேண்டும்.

மறுமொழி 3: அறிவியல் ஆசிரியை

நேர் விகிதத்துக்கு எங்கள் பள்ளியில் கணித ஆசிரியரும் நானும் சேர்ந்து செய்த ஒன்றைச் சொல்கிறேன். ஜூலை நடுவில், காலை 9.45 மணிக்கு, பிள்ளைகளிடம் ஒரு மீட்டர் குச்சியையும் அளவு நாடாவையும் கொடுத்துக் கொடிக்கம்பத்தின் உயரத்தை ஏறாமல் கண்டுபிடிக்கச் சொன்னோம். முதலில் ஊகம்: பத்து மீட்டர் என்றான் ஒருவன், இருபது என்றான் மற்றவன். ஒரே நேரத்தில் உயரமும் நிழலும் நேர் விகிதத்தில் இருக்கும்; குச்சியின் நிழல் 80 செ.மீ., கம்பத்தின் நிழல் 4.8 மீட்டர், ஆகவே உயரம் 6 மீட்டர் என்று வந்தது. ஒரு குழுவுக்கு மட்டும் ஆறரை மீட்டருக்கு மேல் வந்ததால், அவர்கள் குச்சியைச் சாய்த்துப் பிடித்திருந்தது தெரிந்தது. அந்தப் பிழையைப் பற்றிய பேச்சிலேயே பத்து நிமிடம் போயிற்று. அந்தப் பத்து நிமிடம்தான் பாடம் என்பேன்.

மதிய இடைவேளையில் இரண்டு மாணவர்கள் தாங்களாகவே மீண்டும் அளந்தார்கள். குச்சியின் நிழல் ஒரு சாண்கூட இல்லை, அதுவும் தெற்கே விழுந்திருந்தது. “டீச்சர், நிழல் ஏன் தெற்கே போகிறது?” என்று கேட்டார்கள். அந்த மாதத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே இருக்கும். தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ஏப்ரலில் ஒரு நாளும் ஆகஸ்டில் ஒரு நாளும் நேர் உச்சிக்கு வருவதால் நிழலே காலடியில் மறையும். டிசம்பரில் நிழல் வடக்கே நீளும். இது எங்கள் பாடக்குறிப்பில் எங்கும் இல்லை. ஆனால் அடுத்த வாரக் குறிப்பில் ஐந்து நிமிடத்தை வெற்றிடமாக விட்டு, ‘மாணவர் வினாக்கள்’ என்று எழுதினேன். தலைமையாசிரியர் ஒன்றும் கேட்காமல் கையொப்பமிட்டார்.

கேள்வி கேட்டவர்:

மூவருக்கும் நன்றி. கோலக் கேள்வியை இன்றே கேட்டேன்; எங்கள் வகுப்பில், பெரிய கோலமாக இருந்தால் ஐந்து பேர் போடலாம், சிறிய கோலத்துக்கு இடம் பற்றாது என்று ஒருவன் சொன்னான். ஆகையால் எந்த அளவுக் கோலத்துக்கு எத்தனை பேர் சரி என்பதே தொடர்பணியாகிவிட்டது. நாளை நிழலை அளக்கப் போகிறோம். எங்கள் கொடிக்கம்பம் காலை முழுதும் வேப்பமர நிழலுக்குள் நிற்பதால், கைப்பந்து வலைக்கம்பத்தைத் தேர்ந்திருக்கிறேன்.