மறு: ‘சான் டிம்பர்’ ஏற்றுமதி அட்டவணை – தமிழ்த் தலைப்பு

குழுவினருக்கு வணக்கம்.

அட்டவணையின் ஆங்கிலத் தலைப்பில் உள்ள ‘சான் டிம்பர்’ (அறுத்த மரம்), ‘வால்யூம்’, ‘எக்கானமிஸ்’ என்ற மூன்றுக்கும் தமிழ்ச் சொல் தேடுகிறோம். ‘சான் டிம்பர்’ வரும் இடங்களில் ‘மரம்’ என்றே போட்டுவிடலாம், படிப்பவருக்குப் புரியும் என்று புதுச்சேரி ஐயா எழுதியிருந்தார். தப்பாகப் புரியும் என்பதுதான் என் கவலை.

ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1961 முதல் தரும் கணக்கில் அறுக்காத உருட்டுமரம் தனி வரிசை, அறுத்த மரம் தனி வரிசை. சுங்கக் குறியீட்டிலும் அப்படியே: அறுக்காத மரத்துக்கு 4403, நீளவாக்கில் அறுத்து 6 மில்லிமீட்டருக்கு மேல் தடிப்புள்ளதற்கு 4407. இந்தோனேசியா 1985இல் உருட்டுமர ஏற்றுமதிக்குத் தடை போட்டது. மியான்மர் 2014 ஏப்ரல் 1 முதல் நிறுத்தியது. ரஷ்யா 2022 சனவரி 1 முதல் ஊசியிலை மரங்களையும் விலை உயர்ந்த வன்மரங்களையும் உருட்டாக வெளியே விடுவதில்லை. இதற்கெல்லாம் காட்டையே பூட்டிவிட்டார்கள் என்று பொருள் இல்லை. அறுக்கும் வேலையும் அதன் கூலியும் உள்ளூரில் தங்கட்டும் என்பதும் இதில் ஒரு பெரிய கணக்கு. ‘மர ஏற்றுமதி’ என்று ஒரே தலைப்பு வைத்தால், உருட்டுமரத்திலிருந்து அறுத்த மரத்துக்கு மாறும் இந்தத் திருப்பம் கண்ணுக்கே தெரியாது. பல ஆண்டுகளை வரிசையாக வைத்து ஒப்பிடுபவருக்கு அதுதான் முக்கியம்.

சரி, என்ன சொல் வைப்பது? ‘அறுமரம்’ என்று ஒருவர் சொன்னார். ஊறுகாய், குடிநீர் மாதிரி வினைத்தொகை, அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அறுமுகம், அறுசுவை என்று பழகிய கண் அதை ஆறு மரம் என்றுதான் முதலில் படிக்கும். ‘அறுவைமரம்’ மருத்துவமனையை நினைவூட்டும். ‘பலகை’ என்றால் சட்டமும் உத்தரமும் ரீப்பரும் வெளியே நின்றுவிடும்.

பண்ருட்டிப் பக்கம் பலாமரத்தை மில்லுக்குக் கொண்டுபோனால் முதலில் பேசுவது அறுப்புக்கூலி. பட்டை ஒட்டிய ஓரப் பலகை ஒரு பக்கம் விழும், நடுக்கட்டை மஞ்சளாகத் திறக்கும், மரத்தூள் முழங்கால் வரை குவியும். அந்த வேலைக்குப் பெயர் அறுப்பு. அதிலிருந்து வருவது அறுப்புமரம். நம் ஊர் மில்காரருக்கும் கணக்கு எழுதுபவருக்கும் ஒரே சொல். என் முன்மொழிவு இதுதான்.

அடுத்தது ‘வால்யூம்’. வெறும் ‘ஏற்றுமதி அளவு’ போதாது. எண்கள் கன மீட்டரில் இருப்பதால் ‘ஏற்றுமதிக் கன அளவு’ என்றே போடுவோம். அளக்கும் முறையே ஆளை ஏமாற்றும் இடம் இது. மரவாடியில் உருட்டுமரத்தின் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவார்கள். அப்படிப் பார்த்தால் உண்மையான கன அளவில் சுமார் 78.5 விழுக்காடுதான் வரும். வட அமெரிக்காவில் ‘இரண்டுக்கு நான்கு’ அங்குலம் என்று விற்கும் சட்டத்தை அளந்தால் 38க்கு 89 மில்லிமீட்டர். பெயரளவில் பார்த்தால் ஒரு கணக்கு, நிகர (நிஜ) அளவில் பார்த்தால் அதில் மூன்றில் இரண்டு பங்கு. கனடாவையும் சுவீடனையும் பக்கத்தில் வைப்பவர் எந்த அளவு என்று கேட்காமல் ஒப்பிடக்கூடாது. எனவே அடிக்குறிப்பில் ‘பெயரளவு’, ‘நிகர அளவு’ இரண்டும் வேண்டும்.

‘எக்கானமிஸ்’ என்பதைப் ‘பொருளாதாரங்கள்’ என்று போட்டால் நாக்கில் ஒட்டவில்லை. ‘நாடுகள்’ என்றால் தனி நாடல்லாத ஹாங்காங் இடிக்கும். ‘நாடுகளும் ஆள்புலங்களும்’ என்பது நீளம்தான், ஆனாலும் சரியாக இருக்கும். 1991க்கு முன் சோவியத் ஒன்றியம், பின் ரஷ்யா என்று வரிசை உடைவதை அங்கேயே கோடிட்டுக் காட்டலாம்.

கடலூர் முதுநகரிலிருந்து

*

வணக்கம் தம்பி. ‘மரம்’ என்ற என் யோசனையைத் திரும்பப் பெறுகிறேன். அறுப்புமரத்துக்கு என் ஆதரவு. ஒரு சந்தேகம் மட்டும்: புதுச்சேரி கடைகளில் ‘கட்சைஸ்’ (அளவாக அறுத்த மரம்) என்று எழுதிவைத்திருப்பது பெரும்பாலும் இழைத்ததாகவும் இருக்கும். 4407இல் இழைத்ததும் அடக்கம்தானே? அப்படியானால் ‘இழைத்தாலும் இழைக்காவிட்டாலும்’ என்று விளக்கத்தில் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் தச்சர் யாராவது படித்துவிட்டு இழைப்புமரம் எங்கே என்று கேட்பார்.

*

அடக்கம்தான் ஐயா. சேர்த்துவிட்டேன். ஒட்டுப்பலகைக்கு 4412 தனியாக இருப்பதால் அதை இதில் கலக்கவில்லை. ஞாயிறு வரை வேறு மறுப்பு வராவிட்டால் அட்டவணையில் ஏற்றிவிடுகிறேன்.