யுஏஎஸ்பி தொட்டியில் அழுகிய முட்டை நாற்றம்: சுண்ணாம்பா, அன்னபேதியா?

கேள்வி (வளாகப் பராமரிப்பாளர்):
அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடியிருப்பு வளாகத்தில் நாளொன்றுக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீர், யுஏஎஸ்பி தொட்டியில் (கசடுப் படுகை வழியே நீர் கீழிருந்து மேலேறும் தொட்டி) காற்றின்றிச் செரிக்கப்பட்ட பின் காற்றூட்டத் தொட்டிக்குச் செல்கிறது. வீடுகளுக்கு ஆழ்துளைக் கிணற்று நீரே வருவதால், உள்வரும் கழிவுநீரில் சல்பேட் லிட்டருக்கு 180 மில்லிகிராம் அளவில் இருக்கிறது. காலையிலும் மாலையிலும் நீர்வரத்து மிகும்போது எழும் நாற்றத்தால் அருகிலுள்ள வீட்டார் சன்னல்களைத் திறப்பதே இல்லை. சுண்ணாம்பு இடலாம் என்கிறார் ஒருவர். அன்னபேதி போதும் என்கிறார் மற்றொருவர். எது சரி?

மறுமொழி (கசடுப்படுகை):
வணக்கம் ஐயா. காற்றில்லாத நிலையில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் அதைச் சல்பைடாக மாற்றுகின்றன. 96 கிராம் சல்பேட்டிலிருந்து நாற்றத்துக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு 34 கிராம் உருவாகலாம் என்பதால், உங்கள் 180 மில்லிகிராமிலிருந்து லிட்டருக்கு ஏறத்தாழ 64 மில்லிகிராம் வரை வர இடமிருக்கிறது. பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 7 ஆக இருக்கும்போது இதில் பாதியளவு வாயுவாகப் பிரியக்கூடிய வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது பத்தில் ஒரு பங்காகக் குறையும். பிஎச்சை உயர்த்திச் சுண்ணாம்பு செய்வது இவ்வளவே. சல்பைடு நீரிலேயே தங்கியிருந்து, பின்னர் பிஎச் இறங்கும் இடத்தில் வெளியேறும். அத்துடன் கால்சியம் கார்பனேட் கசடில் படிந்து, உயிர்ப்புள்ள படுகையையே கெடுக்கும் என்பதால் சுண்ணாம்பை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அன்னபேதியைத் தொட்டிக்கு முன்னால் இடுவதும் வீண். அது இரும்பின் சல்பேட் உப்பு. அதிலுள்ள ஓர் இரும்பு அணு ஒரு சல்பைடைப் பிடிக்கும், உடன் வரும் சல்பேட்டோ தொட்டிக்குள் இன்னொரு சல்பைடாக மாறிவிடும். இரும்புதான் வேண்டுமென்றால் ஃபெரிக் குளோரைடு பொருத்தமானது. ஆனால் ஓர் இரும்பு அணு ஒரு சல்பைடைப் பிடிக்கும் ஃபெரஸ் வடிவக் கணக்கில் 1 கிலோ கந்தகத்துக்கு 1.75 கிலோ இரும்பு தேவை. உங்களுக்கு நாளொன்றுக்கு உச்சமாக 6 கிலோ கந்தகம், அதாவது 10.5 கிலோ இரும்பு. அந்தச் செலவை ஏற்பதற்கு முன், வாயு எங்கே நீரை விட்டுப் பிரிகிறது என்று பாருங்கள். வரத்து மிகும்போது நாற்றமும் மிகுகிறது என்பதால், வெளியேறும் நீர் உயரத்திலிருந்து விழுந்து தெறிக்கும் இடத்தையே நான் சந்தேகிக்கிறேன். குழாயின் வாயை நீர்மட்டத்துக்குக் கீழே இறக்கி, காற்றூட்டத் தொட்டியின் அடிப்பகுதியில் விடுங்கள். அங்குள்ள பாக்டீரியாக்கள் சல்பைடின் பெரும்பகுதியை நீருக்குள்ளேயே ஆக்சிஜனேற்றம் செய்துவிடும்.

மறுமொழி (நார்ப்படுகை):
மேற்சொன்னதை ஏற்கிறேன். எஞ்சும் நாற்றத்துக்கு, நீர் வெளியேறும் வாய்க்காலை மூடி, அதன் காற்றை விசிறியால் இழுத்து, ஈரமான மரச்சில்லும் மட்கிய உரமும் கலந்த படுகை வழியாகச் செலுத்தலாம். படுகை காய்ந்தாலும், கந்தக அமிலம் தேங்கினாலும் பயன் போய்விடும். காற்றை இழுக்காமல் மூடி மட்டும் போட்டுவிடாதீர்கள்: உட்சுவரில் உருவாகும் அமிலம் கான்கிரீட்டை அரிக்கும், நீரில் கரைந்துவரும் மீத்தேனும் அங்கே சேரும், அது காற்றில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருந்தால் வெடிக்கக்கூடியது.

இன்னொன்றை வலியுறுத்திச் சொல்கிறேன். ஹைட்ரஜன் சல்பைடு வாயு காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டும்போது மூக்கு அதை உணரும் ஆற்றலை இழக்கிறது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் அங்கேயே சாய்ந்துவிடுவார். காப்பீடு வாங்கியிருக்கிறோம், ஆள் பழகியவர் என்பவை காரணங்கள் ஆகா. வாயுமானியால் அளக்காமலும், மூச்சுக்கருவி இல்லாமலும் யாரையும் தொட்டிக்குள் இறக்காதீர்கள். பாதுகாப்பின்றி இறக்குவதை கையால் மலம் அள்ளும் பணிக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடைசெய்கிறது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. நீர் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்திலிருந்துதான் விழுகிறது. முதலில் குழாயை இறக்குகிறோம். சல்பைடை அளக்க மாதிரி எடுக்கும் முறையையும் சொல்ல முடியுமா?

மறுமொழி (கசடுப்படுகை):
தொட்டியின் நுழைவிலும் வெளியேற்றத்திலும் தனித்தனியாக எடுங்கள். குப்பியில் துத்தநாக அசிட்டேட்டை முன்னதாகவே இட்டு, நீரைக் கலக்காமல் நிரப்பி, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, காற்றிடம் இல்லாதபடி மூடுங்கள். இல்லையேல் ஆய்வகம் போய்ச்சேர்வதற்குள் சல்பைடில் ஒரு பகுதி பறந்துவிடும். அளவும் குறைவாகவே காட்டும்.