லைட் ஸ்திரீட் கான்வென்ட்டில் படித்தவரின் பதிவுகளை எங்கே தேடுவது?

பட்டர்வொர்த் வாசகி:
என் பாட்டியின் அக்காள் 1930களில் செபராங் பிறைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்து, பினாங்கு லைட் ஸ்திரீட் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தவர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவரைப் பற்றிய செய்தியே இல்லை. ஞானஸ்நானப் பெயரும், புக்கிட் மெர்த்தாஜாம் புனித அன்னாள் ஆலயத்தில் ஞானஸ்நானம் பெற்றார் என்ற வீட்டுப் பேச்சும்தான் எங்களிடம் எஞ்சியுள்ளன. அமெரிக்காவில் மினசோட்டாவின் பெனடிக்ட் சபைச் சகோதரிகளுக்கு (கன்னியர்களுக்கு) மடத்திலேயே ஆவணக் காப்பகம் உண்டு என்று படித்தேன். அதுபோல இங்கே ஒரே இடத்தில் கேட்டறிய வழியுண்டா? பள்ளியைக் கேட்பதா, ஆயரின் (பிஷப்பின்) ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தைக் கேட்பதா?

கோலாலம்பூர், ஓய்வுபெற்ற நூலகர்:
அம்மா, ஒரு சபை எவ்வாறு ஆளப்படுகிறதோ அதைப் பொறுத்தே அதன் தாள்கள் சேருமிடமும் அமைகிறது. மினசோட்டா பெனடிக்ட் மடம் தன்னைத் தானே ஆளும் இல்லம். 1857இல் அங்கே வந்த சகோதரிகள் 1863 முதல் செயிண்ட் ஜோசப் என்ற ஊரிலேயே நிலைத்திருப்பதால், மடத்தின் வரலாறும் அவர்கள் தொடங்கிய பள்ளியின் வரலாறும் ஒரே வளாகத்தில் சேர்ந்திருக்கின்றன. லைட் ஸ்திரீட்டில் 1852இல் பள்ளி தொடங்கிய குழந்தை இயேசு சபையோ பாரிஸைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த சபை. தொடக்க காலத்தில் பினாங்கில் பணியாற்றிய அன்னை மத்தில்து 1854இல் சிங்கப்பூருக்கும் 1872இல் ஜப்பானுக்கும் சென்றார். மற்றச் சகோதரிகளும் அவ்வாறே இடம் மாறினார்கள். ஆகவே சகோதரிகளின் கடிதங்களும் இல்லக் குறிப்பேடுகளும் சபைக்குரியவை. மாணவியர் சேர்க்கைப் பதிவேடும் விடுகைச் சான்றிதழ்ப் பிரதிகளும் பள்ளிக்குரியவை. இரண்டையும் ஒரே கடிதத்தில் கேட்டால் இரண்டு இடத்திலும் பதில் தாமதமாகும் என்பது என் கருத்து. பள்ளி இப்போது மூடப்பட்டுவிட்டதால் அதன் பதிவேடுகள் யாரிடம் உள்ளன என்று முதலில் கேட்டறிந்து, சபையின் மலேசியத் தலைமை இல்லத்துக்கு ஒன்றும், அப்பதிவேடுகளை வைத்திருப்பவர்களுக்கு மற்றொன்றுமாக எழுதுங்கள்.

ஆயர் இல்லத்துத் தாள்களைப் பொறுத்தவரை, பினாங்கு மறைமாவட்டம் 1955இல்தான் உருவானது. அதற்கு முன் இப்பகுதி மலாக்கா மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. அதன் ஆயர் சிங்கப்பூரில் இருந்தார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஜார்ஜ் டவுன் பங்கை (ஆலயச் சமூகத்தை)ச் சேர்ந்தவர்:
சகோதரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் பள்ளிப் பதிவேடுகளைத் தேடுவதற்கு முன் ஞானஸ்நானப் பதிவேட்டைத்தான் பார்ப்பேன். ஒருவர் கத்தோலிக்கத் திருமணம் செய்தால், அந்தச் செய்தியை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்குக்கு அனுப்பி, பழைய பதிவின் ஓரத்தில் குறிக்க வேண்டும் என்ற விதி 1908 முதல் நடைமுறையில் உள்ளது. உங்கள் பெரிய பாட்டி போருக்குப் பின் ஈப்போவிலோ சிங்கப்பூரிலோ மணமுடித்திருந்தாலும், மாப்பிள்ளையின் பெயரும் ஆலயமும் புக்கிட் மெர்த்தாஜாம் ஏட்டின் ஓரத்தில் எழுதப்பட்டிருக்கக்கூடும். பதிவு இலத்தீனில் இருக்கும். எடுத்துக்காட்டாக, அந்தோணியம்மாள் என்ற பெயர் அங்கே அந்தோனியா ஆகியிருக்கும், ஆகவே தந்தை, தாய், ஞானப் பெற்றோர் பெயர்களையும் சேர்த்துக் கொடுங்கள். பங்கு அலுவலகத்தில் நேரம் கேட்டுச் செல்லுங்கள். பழைய ஏட்டை அவர்கள்தாம் புரட்டிப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளுக்கு வழக்கமான சேர்க்கைப் பதிவுகளை எதிர்பார்க்க வேண்டாம். கான்வென்ட் கட்டடம் ஜப்பானியர் வசம் போனது; 1943இல் கிரெனடியர் நீர்மூழ்கிக் கப்பலின் அமெரிக்க வீரர்களை அங்கேதான் அடைத்து வைத்தார்கள். அவர்கள் சுவரில் கீறிய பெயர்கள் பின்னர் பாதுகாக்கப்பட்டன. நம் பெண்கள் படித்த அறைகள் அவை என்று எண்ணும்போது மனம் கனக்கிறது.

கோலாலம்பூர், ஓய்வுபெற்ற நூலகர்:
விளிம்புக் குறிப்பைப் பற்றி நண்பர் சொன்னதை நானும் வழிமொழிகிறேன். இன்னொன்று: அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பள்ளித் தேர்வில் தேறியவர்களின் பெயர்களைப் பள்ளிவாரியாகச் செய்தித்தாள்கள் அச்சிட்டன. சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையச் செய்தித்தாள் தொகுப்பில் அவற்றை இலவசமாகத் தேடலாம். தமிழ்ப் பெயர்களின் எழுத்துக்கூட்டல் ஏட்டுக்கு ஏடு மாறுவதால், பெயரை விடப் பள்ளியையும் ஆண்டையும் இட்டுத் தேடுவதே பலன் தரும்.

பட்டர்வொர்த் வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி, ஐயா. அவருடைய ஞானத்தாயின் பெயர் என் அம்மாவுக்கு நினைவிருக்கிறது. வரும் வாரம் பங்கு அலுவலகத்தில் கேட்டுவிட்டு, கிடைக்கும் விவரத்தோடு சபைக்கும் பள்ளிப் பதிவேடுகளை வைத்திருப்பவர்களுக்கும் தனித்தனியாக எழுதுகிறேன்.