‘ரவுண்ட்வுட் ஈக்விவலன்ட்’: தடிமர ஈடு எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

இந்தோனேசியா, மலேசியா இரண்டின் வன்மர ஏற்றுமதியை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதும் புதுச்சேரித் தம்பி ‘ரவுண்ட்வுட் ஈக்விவலன்ட்’ என்பதற்குச் சொல் கேட்டிருந்தார். பலகை, பிளைவுட் போன்றவற்றைச் செய்ய எவ்வளவு அறுக்காத மரம் தேவைப்பட்டது என்று காட்டும் கன அளவு அது. ‘உருளைமரச் சமன்மதிப்பு’ என்று ஐயா ஒருவர் தந்திருக்கிறார். ‘மதிப்பு’ வேண்டாம் என்பேன். ஏற்றுமதிக் கட்டுரையில் அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் வாசகர் டாலரைத்தான் நினைப்பார். இங்கே பேச்சு கன மீட்டரைப் பற்றியது.

இந்தச் சொல் ஏன் தேவைப்படுகிறது என்பதில்தான் விடையும் இருக்கிறது. 1985இல் இந்தோனேசியா அறுக்காத மரத்தின் ஏற்றுமதியை முற்றிலும் தடை செய்தது. தீபகற்ப மலேசியாவும் நிறுத்தியது. போர்னியோவில் உள்ள மலேசிய மாநிலங்களான சபாவும் சரவாக்கும் 1980களின் பிற்பகுதியிலும் கப்பல் கப்பலாக அனுப்பிக்கொண்டிருந்தன. வெறும் தடிக் கணக்கை, அதாவது அறுக்காத மரத்தின் கணக்கை மட்டும், வரைபடமாகப் போட்டால் இந்தோனேசியாவின் கோடு தரையில் விழுந்துவிடும். காடு பிழைத்தது என்று வாசகர் நம்பிவிடுவார். நடந்தது வேறு. அதே மரம் பிளைவுட்டாகக் கப்பலேறியது. வெப்பமண்டல பிளைவுட் ஏற்றுமதியில் அந்நாடு உலகிலேயே முதலிடத்துக்கு வந்தது. ஒரு கன மீட்டர் பிளைவுட்டுக்குச் சுமார் 2.3 கன மீட்டர் தடி, அறுத்த பலகைக்குச் சுமார் 1.8 என்று பொதுவாகக் கொள்கிறார்கள். பத்து லட்சம் கன மீட்டர் பிளைவுட் போனால் காட்டிலிருந்து இருபத்து மூன்று லட்சம் கன மீட்டர் வெளியேறியதாகக் கணக்கு. ஆகவே நமக்கு வேண்டியது, வெட்டிய மரத்துக்கே திரும்பிப் போய் அளக்கும் சொல்.

சேதாரத்தையும் கணக்கில் கொண்டு தடியை அளப்பது கடலூர் முதுநகர் மரவாடிகளில் பழசு. தடியின் நடுவில் நூலைச் சுற்றிச் சுற்றளவு எடுப்பார்கள். நூலை நான்காக மடித்து, வந்த அளவை அதே அளவால் பெருக்கி, பிறகு நீளத்தால் பெருக்குவார்கள். வருவது உண்மையான கன அளவில் 78.5 விழுக்காடுதான். மீதி, பட்டையிலும் தூளிலும் போகும் சேதாரத்துக்கு விட்டுக்கொடுப்பது. ஹாப்பஸ் அளவு என்று ஏடுகளில் வருவது இதுவே. பர்மாத் தேக்குப் புள்ளிவிவரங்களில் ‘ஹாப்பஸ் டன்’ என்று பார்த்தால் எடை என்று எண்ணிவிடாதீர்கள். அது ஏறக்குறைய 1.8 கன மீட்டர். தம்பி பிறகு மியன்மாரையும் சேர்த்தால் இது உதவும்.

இனி சொல்லுக்கு வருகிறேன். ‘உருட்டுக்கட்டை’ என்றால் நாளிதழ் வாசகருக்கு அடிதடி வழக்குதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழில் ‘மரக்குற்றி’ அழகாக வழங்குகிறது. ஆனால் ‘குற்றியீடு’ என்று சேர்த்தால், அச்சுக்கோப்பவர் அதைக் ‘குறியீடு’ என்று திருத்தாமல் விடமாட்டார். மரவாடியில் ‘தடி’ என்கிறார்கள். தனியாக நின்றால் கைத்தடியாகிவிடும் என்பதால் ‘தடிமரம்’ என்று வைத்துக்கொள்ளலாம்.

‘ஈக்விவலன்ட்’ என்பதற்கு ‘ஈடு’ போதும். சமானம், சமன் எல்லாம் இரண்டு பொருள்களை அருகருகே நிறுத்துகின்றன. ஈடு, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்கிறது. பலகையின் இடத்தில் தடியை வைப்பதுதானே இங்கே வேலை. அடகும் ஈடுதான் என்று ஒருவர் கேட்பார். கேட்கட்டும், மரக் கணக்கில் அந்தக் குழப்பம் வராது. ‘ஈட்டளவு’ என்று நீட்டினால்தான் தொல்லை: ஈட்டி மரம் பக்கத்திலேயே நிற்கிறது!

ஆக, ‘தடிமர ஈடு’. பெருக்கும் எண்ணுக்குத் ‘தடிமர ஈட்டுக் கெழு’. ‘வன்மரம்’ (ஹார்ட்வுட்) என்றால் கடினமான மரம் மட்டும்தானா என்ற சண்டை வேண்டாம். பஞ்சு போன்ற பால்சாவும் தாவரவியல்படி வன்மரமே, அதை அடிக்குறிப்பில் சொல்லிவிடலாம்.

மாற்றுச் சொல் இருப்பவர்கள் கீழுள்ள வாக்கியத்தில் அதைப் பொருத்தி எழுதி அனுப்புங்கள்: “தடைக்குப் பிறகு இந்தோனேசியாவின் தடி ஏற்றுமதி நின்றது, ஆனால் பிளைவுட்டைத் தடிமர ஈடாக மாற்றிப் பார்த்தால் வெட்டு குறையவில்லை என்பது தெரிகிறது.”