பேடாக் ஸ்டேண்டுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1: சுங்கை சிப்புட், மோட்டார் பட்டறையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

வேலை பழக வரும் பையன்களுக்காகப் பட்டறைச் சுவரில் ஒட்ட ஒரு தாள் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஸ்போர்ட்ஸ் மோட்டாரைப் பின்பக்கமும் முன்பக்கமும் தூக்கி நிறுத்தும் முறை அதில் வருகிறது. தாள் முழுக்கத் தமிழில் அமைந்துவிட்டது. தலைப்பில் மட்டும், அப்படித் தூக்கி நிறுத்தும் சட்டத்தின் ஆங்கிலப் பெயரான 'பேடாக் ஸ்டேண்டு' அப்படியே நிற்கிறது. அதற்கு நல்ல சொல் வேண்டும்.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற கப்சாயில், அதாவது சிறிய மோட்டாரில், டபுள் ஸ்டேண்டு வண்டியோடு வருகிறது. காலால் மிதித்தால் வண்டி ஏறி நின்றுகொள்ளும். ஸ்போர்ட்ஸ் மோட்டாரில் எடையைக் குறைக்கவும், வளைவில் சாயும்போது தரையில் உரசாமல் இருக்கவும் அதை விட்டுவிடுகிறார்கள். பக்க ஸ்டேண்டு ஒன்றுதான் மிச்சம். செயினைத் துடைத்து எண்ணெய் விடுவதற்கும் டயர் மாற்றுவதற்கும் தனி ஸ்டேண்டு தேவைப்படுகிறது.

'பேடாக்' என்பது பந்தயத்துக்கு முன் குதிரைகளைக் கொண்டுவந்து நிறுத்தும் வேலியிட்ட இடம். பிறகு மோட்டார் பந்தயத்தில் அணிகள் தங்கி வேலை பார்க்கும் பின்புறப் பகுதிக்கு அந்தப் பெயர் வந்தது. மலேசியாவின் செப்பாங் பந்தயத்தடம் 1999-இல் திறந்த பிறகு நம் பக்கத்துப் பையன்களுக்கும் பழக்கமாகிவிட்டது. இந்தப் பெயர் பொருளை எங்கே வைத்திருந்தார்கள் என்று சொல்கிறதே தவிர, அது என்ன செய்கிறது என்று சொல்லவில்லை. அப்படியே தமிழாக்கினால் 'பட்டித் தாங்கி' என்று வரும். அது மாட்டுப் பட்டிக்கல்லவா போய் நிற்கிறது!

இன்னொன்றையும் கவனியுங்கள். முன்பக்க ஸ்டேண்டில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள். ஒன்று, முன்சக்கரத்தை இருபுறமும் பிடிக்கும் ஃபோர்க்கின் இரண்டு அடிமுனைகளுக்கும் கீழே ரப்பர் கொடுத்துத் தூக்கும். மற்றது ஸ்டீரிங் தண்டின் அடித்துளையில் ஊசி நுழைத்துத் தூக்கும். முதல் வகையில் வண்டியின் முன்பாரம் முழுவதும் ஃபோர்க் வழியாகத்தான் இறங்குகிறது. அதில் நிற்கும் வண்டிக்கு எண்ணெய் சீல் மாற்றலாம் என்று, ஃபோர்க் குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்பின் போல்ட்டைத் தளர்த்தினால், வண்டி அந்த ஃபோர்க் குழாய்மீதே சறுக்கிக் கீழே இறங்கும். பக்கத்தில் இருப்பவன் கை கிளாம்புக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆகவே எந்தச் சொல்லை வைத்தாலும், வண்டியை எங்கே பிடிக்கிறது என்பதை அது சொல்லியாக வேண்டும்.

மடல் 2: தமிழ்ப்பள்ளி ஆசிரியையிடமிருந்து

அண்ணே, வணக்கம்.

'தாங்கி' போதாதா? தலைச்சுமைக்காரர்கள் யாருடைய உதவியும் இல்லாமல் இறக்கி வைத்து இளைப்பாற, சாலையோரம் ஆளுயரத்தில் நட்ட கல்லுக்குச் சுமைதாங்கி என்று பெயர். உங்கள் ஸ்டேண்டும் பாரத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறது. பின் தாங்கி, முன் தாங்கி என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

மடல் 3: பட்டறையிலிருந்து

டீச்சர், சுமைதாங்கி அழகான சொல். ஆனால் கலைச்சொல் பட்டியல்களில் பேரிங்குக்குத் 'தாங்கி' என்று ஏற்கெனவே எழுதி வருகிறார்கள். அந்தப் பேரிங் இருப்பதே ஸ்டேண்டு தூக்குகிற அதே சக்கரத்துக்குள். 'பின் தாங்கியைச் சோதிக்கவும்' என்று தாளில் இருந்தால் பையன் சக்கரத்தை ஆட்டிப் பார்ப்பானா, ஸ்டேண்டின் வெல்டைப் பார்ப்பானா? ஒரே தாளில் ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் வேண்டாம்.

மடல் 4: வெல்டிங் பட்டறையிலிருந்து

அண்ணே, டீச்சர், வணக்கம்.

குலை தள்ளிய வாழை சாயாமல் இருக்கக் கவைக்கம்பு வெட்டி முட்டுக் கொடுப்போமே, அதே வேலைதான் இது. கம்பின் கவையில் மரம் உட்காருகிற மாதிரி ஸ்டேண்டின் கொக்கியில் வண்டி உட்காருகிறது. பின்முட்டு, முன்முட்டு என்று வைக்கலாம்.

சொல்லோடு செய்முறையையும் தாளில் சேருங்கள். இங்கே பலர் குழாயை வளைத்துத் தாங்களே ஸ்டேண்டு செய்யக் கேட்கிறார்கள், தவறு ஓரிடத்தில்தான் நடக்கிறது. பின் ஸ்டேண்டின் கைப்பிடியை அழுத்தும்போது கொக்கி ஸ்டேண்டின் உருளைச் சக்கரங்களுக்கு மேலாக வளைந்து ஏறிப் பின்னால் வருகிறது. கைப்பிடி தரையைத் தொட்டு ஓய்ந்த நிலையில், கொக்கியின் நடு உருளையின் அச்சைத் தாண்டி 2 முதல் 3 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டியின் பாரமே கைப்பிடியைத் தரையோடு அழுத்திப் பிடிக்கும். நேர் மேலே நின்றால் லேசாக இடித்தாலே போதும், கைப்பிடி எகிறி வண்டி முன்னால் இறங்கிவிடும். நிமிர்ந்த தூணைச் சட்டத்தோடு ஒட்டும்போது கோணம் கொஞ்சம் பிசகினாலும் இந்தக் கோளாறு வரும். வெல்ட் பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும் பயனில்லை.

கைப்பிடி நீளத்திலும் கஞ்சத்தனம் கூடாது. தூக்கத் தொடங்கும்போது கொக்கி உருளைக்கு 15 செ.மீ. முன்னால், கைப்பிடி 60 செ.மீ. பின்னால் என்றால் நான்கில் ஒரு பங்கு பலம் போதும். பின்சக்கரத்தில் 100 கிலோ பாரம் இருந்தால் கைக்கு 25 கிலோ. அதே கைப்பிடியை 45 செ.மீ. ஆக்கினால் 33 கிலோ. ஒரு கையால் வண்டியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அழுத்துகிறவனுக்கு அந்த 8 கிலோ பெரிய வித்தியாசம்.

குழாய்முனைகளை அடைத்துவிடுங்கள். நம் மழைக்குத் துரு உள்ளேயிருந்துதான் தின்னும், வெளியே பெயிண்டு பளபளவென்றே இருக்கும்.

மடல் 5: ஆசிரியையிடமிருந்து

தம்பி, வாழை முட்டு நல்ல ஒப்புமை. ஆனால் 'பின்முட்டு' என்று படித்தவுடன் ஒரு வண்டி இன்னொன்றைப் பின்னால் போய் முட்டியது போலத்தான் கேட்கிறது. மோட்டார் பற்றிய தாளில் அந்த மயக்கம் கூடாது. தவிர, முட்டு சாய்வதைத் தடுக்கும், தூக்காது.

தூக்குவதையும் தூக்கியதை வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்ல 'ஏந்து' என்ற வினை இருக்கிறது. குழந்தையை இரு கையாலும் ஏந்துவது போல இதற்கும் இரண்டு கைகள். முதலில் 'ஏந்தி' என்று நினைத்தேன். ஆனால் 'பின்னேந்தி நிறுத்தவும்' என்று எழுதினால் பெயரா வினையெச்சமா என்று தெரியாது. ஆகவே 'ஏந்துகால்'. ஊன்றுகோல், சுடுகாடு போல வினைத்தொகை. அதனால் நடுவில் க் போடக் கூடாது, 'ஏந்துக்கால்' பிழை.

இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பக்க ஸ்டேண்டைப் பக்கக்கால், டபுள் ஸ்டேண்டை இரட்டைக்கால் என்று சொன்னால் மூன்றும் ஒரே குடும்பமாகிவிடும். எங்கே பிடிக்கிறது என்பதை முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மடல் 6: பட்டறையிலிருந்து

டீச்சர், இதைத்தான் தேடினோம். தாளில் இப்படி ஏற்றியிருக்கிறோம்.

பின்பக்கம்: பின் ஏந்துகால். முன்பக்கம் ஃபோர்க் முனையில் பிடிப்பது: கவை ஏந்துகால். ஸ்டீரிங் தண்டில் பிடிப்பது: கழுத்து ஏந்துகால். 'முன் ஏந்துகால்' என்ற சொல்லை வேண்டுமென்றே விட்டுவிட்டோம். அது இருந்தால் பழைய குழப்பம் திரும்ப வந்துவிடும். பின்சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் ஆடும் ஸ்விங் ஆர்முக்கு இன்னும் சொல் பிடிபடவில்லை, இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

கொக்கி மாட்டுவதற்காக ஸ்விங் ஆர்மின் இரு பக்கமும் திருகும் பாபினுக்கும் ஒரு சொல் வேண்டியிருந்தது. குமிழ் என்றால் உருண்டை என்று நினைப்பார்கள். இதற்கு இரு முனையும் விரிந்து நடுவில் இடை சிறுத்திருக்கும், கொக்கி அந்த இடையில்தான் உட்காரும். மாரியம்மன் கோவிலில் உடுக்கை பார்க்காத பையன் இங்கே இல்லை. ஆகவே உடுக்கைக் குமிழ்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். ஸ்விங் ஆர்மில் திருகுத்துளை இருக்கிறதா? யமஹா ஆர்25, ஆர்6, ஆர்1-க்கு எம்6, அதாவது 6 மி.மீ. போல்ட். சுஸுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர், ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆர் எம்8. கவாசாக்கி இசட்எக்ஸ்-6ஆர், இசட்எக்ஸ்-10ஆர் எம்10. மற்ற வண்டிகளுக்கு ஊகிக்காமல் கையேட்டைப் பாருங்கள். ஆர்ம் அலுமினியம், போல்ட் எஃகு. முதல் நான்கைந்து சுற்றைக் கையால்தான் திருக வேண்டும். எம்6-ஐ 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் மரை பெயர்ந்து வரும், ஒருமுறை பெயர்ந்தால் உள்மரை போட்டுத்தான் மீட்க முடியும்.

துளை இருந்தால் கொக்கி உள்ள பின் ஏந்துகால் வாங்குங்கள். துளை இல்லாத வண்டிக்கு மட்டும் எல் வடிவ ரப்பர் பாதம். ரப்பர் பாதம் ஆர்மின் அடியில் சும்மா உட்காருகிறது, பிடிப்பு எதுவும் இல்லை. ஆர்ம் சரிவாக இருந்தாலோ எண்ணெய்க் கசிவு இருந்தாலோ வழுக்கும். மணல் ஒட்டியிருந்தால் பெயிண்டைச் சுரண்டும். கொக்கிகளின் அகலத்தைக் குமிழ்களின் இடைக்கு இடை டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு பக்கமும் 2 மி.மீ. தளர்வு விட்டுப் பூட்டுங்கள். ஒரு பக்கம் ஒட்டி மறுபக்கம் இடைவெளி விட்டால் தூக்கும்போது வண்டி கோணிக்கொள்ளும்.

முன்பக்கத்துக்குக் கழுவல், சக்கரம் கழற்றுவது மட்டும்தான் என்றால் கவை ஏந்துகால் போதும். ரப்பர் ஃபோர்க்கின் அடிமுனையில் உட்கார வேண்டும், பிரேக் காலிப்பரிலோ குழாயிலோ ஃபெண்டரிலோ படக் கூடாது. ஃபோர்க் சீல், முழுதாக நீண்ட நிலையில் சஸ்பென்ஷன் அளவு எடுப்பது, இவற்றுக்குக் கழுத்து ஏந்துகால்தான். அதன் ஊசிகள் பல தடிமனில் ஒரு தொகுதியாக வரும். ஸ்டீரிங் தண்டின் அடித்துளையை வெர்னியரால் அளந்து, ஆடாமல் நுழைவதைத் தேர்ந்தெடுங்கள். மெல்லிய ஊசியில் வண்டி தலையாட்டும். துளைக்குக் கீழே பிரேக் குழாய் இணைப்போ ஹாரனோ மறித்தால் நசுங்கிவிடும், முதலில் கண்ணால் பாருங்கள். ஸ்டீரிங் பேரிங் மாற்றக் கழுத்து ஏந்துகாலும் உதவாது. ஊசி நிற்பதே அந்தத் தண்டில்தானே.

ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறதென்றால் பின் ஏந்துகால். அது இல்லாமல் முன்பக்கத்தது எதற்கும் ஆகாது.

தூக்கும் முறை. சக்கரத்தைக் கழற்றுவதாக இருந்தால் ஆக்ஸில் நட்டை டயர் தரையில் இருக்கும்போதே அசைத்துவிடுங்கள். 600 சிசி வண்டிகளில் அந்த நட்டு 100 நியூட்டன் மீட்டருக்குப் பக்கமாக இறுகியிருக்கும், ஏந்துகாலில் வைத்து நெம்பினால் வண்டியே குதிக்கும். முன் பிரேக் பிடியைப் பழைய சைக்கிள் டியூப் பட்டையால் கைப்பிடியோடு இறுகக் கட்டுங்கள். வண்டியின் இடப்பக்கம் நின்று, இடக்கையால் பின்சீட்டுப் பக்கம் பிடித்து வண்டியை நேராக நிமிர்த்துங்கள். பக்கக்கால் விரிந்தபடியே இருக்கட்டும். இரண்டு கொக்கியும் இரண்டு குமிழின் இடையில் தொட்டதைக் குனிந்து பார்த்த பிறகே அழுத்துங்கள். நேராகக் கீழே அழுத்த வேண்டும், முன்னால் தள்ளக் கூடாது. பழகும்வரை வலப்பக்கம் ஒருவர் நிற்கட்டும். டயர் 3 செ.மீ. எழும்பினால் போதும்.

பின்பக்கம் ஏறிய பிறகுதான் முன்பக்கம். இறக்கும்போது முன்பக்கம் முதலில். பக்கக்காலில் சாய்ந்து நிற்கும் வண்டியை முன்னால் தூக்கினால் சாய்ந்த பக்கமே விழும். பின் ஏந்துகால் வண்டியை நேராக்கி அகலமான பிடி கொடுத்த பிறகு அந்தப் பயமில்லை.

தரையும் முக்கியம். கடைவரிசையின் ஐந்தடி நடைபாதைத் தரை சாக்கடைப் பக்கம் சரிந்திருக்கும். வண்டியின் மூக்கு சரிவைப் பார்த்து நிற்கக் கூடாது. முன்னால் உருண்டால் கொக்கி முன்னுக்குச் சுழன்று நழுவும். முன்சக்கரத்துக்கு முன் ஒரு கட்டை வையுங்கள். வீட்டு வாசல் செம்மண்ணில் உருளை புதையும், 18 மி.மீ. பிளைவுட் பலகை போட்டு அதன்மேல் வேலை செய்யுங்கள்.

ஒன்றைச் சிவப்பில் எழுதியிருக்கிறோம். பின்சக்கரம் மேலே இருக்கிறதே என்று இஞ்சினை ஓட்டிக்கொண்டு செயினில் துணி வைக்காதீர்கள். துணியோடு விரல் ஸ்புரோக்கெட்டுக்குள் போய்விடும். இஞ்சின் நிறுத்தி, கியர் நியூட்ரலில், சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

மடல் 7: வெல்டிங் பட்டறையிலிருந்து

அண்ணே, 'முட்டு' போனாலும் 'ஏந்துகால்' எனக்கும் சம்மதம். ஒன்று விடுபட்டிருக்கிறது. டுகாட்டி 1199 பனிகாலே மாதிரி ஆர்ம் ஒரு பக்கம் மட்டும் உள்ள வண்டிகளுக்கு உடுக்கைக் குமிழ் போட இடமில்லை. ஆக்ஸிலின் குழிக்குள் ஊசி நுழைத்து ஒரு பக்கமாகத் தூக்கும் வகை அது. ஊசியின் தடிமனும் நுழைக்கும் பக்கமும் வண்டிக்கு வண்டி மாறும். பெயரை மட்டும் பார்த்து வாங்கினாலும் தவறும்: அதே காலத்து 899 பனிகாலேக்கு இரு பக்க ஆர்ம்தான், சாதாரணப் பின் ஏந்துகால் போதும். ஒரு பக்க வகைக்கு 'அச்சு ஏந்துகால்' என்று எழுதலாமா? அதுவும் பிடிக்கும் இடத்தைச் சொல்கிறது.

மடல் 8: பட்டறையிலிருந்து

எழுதியாகிவிட்டது, தம்பி. தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. டீச்சர், சந்திப்பிழை பார்த்து அனுப்புங்கள்.