யோருபா பற்றிப் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம்?

வணக்கம். நைஜீரியாவின் யோருபா மக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். சாமுவேல் ஜான்சன் எழுதி 1921இல் வெளிவந்த யோருபா வரலாறு கையில் இருக்கிறது. ஓயோ அரசர்கள், போர்கள் எல்லாம் விரிவாக வருகின்றன. ஆனால் எழுதியவர் பாதிரியார், பழைய சமயத்துக்கு அது மட்டும் போதாது.

எனக்கு முக்கியமாக வேண்டியது இஃபா என்ற அவர்களுடைய குறி பார்க்கும் முறை. குறி சொல்லும் பாபலாவோ, கையிலுள்ள 16 எண்ணெய்ப்பனைக் கொட்டைகளை மற்றக் கையால் ஒரே பிடியாக அள்ளுவார். ஒன்று மிஞ்சினால் பொடி தூவிய பலகையில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. இப்படி வரும் உருக்கள் மொத்தம் 256, ஒவ்வொன்றுக்கும் மனப்பாடமாக ஏகப்பட்ட பாடல்கள்! அந்தப் பாடல்களை யோருபா மூலத்தோடும் ஆங்கில மொழிபெயர்ப்போடும் தரும் பதிப்பு எது நல்லது?

மொழிப் புத்தகம் என்றால் ஒலிப்பதிவும் கூட வேண்டும். மேல், நடு, கீழ் என்று மூன்று தொனி இருக்கிறதே, அச்சில் பார்த்து எப்படிப் பழகுவது? அப்புறம் கலை. இஃபே நகரத்தின் உலோகத் தலைச்சிற்பங்கள் எல்லா நூலிலும் கிடைக்கின்றன. இரட்டைக் குழந்தைகளில் ஒன்று இறந்தால் செதுக்கும் இபெஜி மரச்சிற்பங்கள் பற்றித்தான் தேடுகிறேன்.

பழைய பிரதி என்றாலும் சரி. தமிழில் யாராவது எழுதியிருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.